வேணிக்கு வலது பக்கம் யார்

சின்ன வெங்காயம் உரிக்கும்போது எனக்குக் கண்ணீர் வராது. குன்னம் பக்கம் வெங்காயக் காட்டில் வளர்ந்தவளுக்கு எப்படி வரும் என்று என் வீட்டுக்காரர் நல்லதம்பி சொல்வார். சாம்பார் வைக்கும் நாட்களில் உரித்ததில் நான்கைத் தனியாக எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துக்கொள்வேன். அந்த நான்கும் என் அணியின் தடுப்பாட்டக்காரிகள். எதிரணிக்கு மக்காச்சோள மணிகள். ஒரு வெங்காயத்தை முன்னே தள்ளி, இன்னொன்றைப் பின்னே இழுத்து, சோளத்தை நடுவே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் குழம்பு பொங்கி வழிவதுகூடத் தெரியாது. அவர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "சித்ரா, இன்னைக்கி யாருக்கு யாரு?" என்று கேட்பார். நான் சிரித்துவிடுவேன்.

அமிர்தலிங்கம் சார், நடந்ததை என் கையால் எழுதித் தரச் சொன்னீர்கள். மாவட்ட ஹாக்கி சங்கத்தின் அறையில் உங்கள் எதிரே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இந்தத் தாள் வேறு யார் கைக்கும் போகலாம் என்றீர்கள். அதனால் எங்களைத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். என் பெயர் ஜெயசித்ரா. வயது நாற்பத்து மூன்று. பெரம்பலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பெரம்பலூர் பெண்கள் ஹாக்கி அணிக்குப் பத்து வருஷத்துக்கு மேலாகப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை, ஆபரேஷன் செய்துகொண்ட சமயம் தவிர.

ஹாக்கியில் கோல் அடிக்கிறவளைத்தான் ஊர் தோளில் தூக்கும். எனக்கு அவர்கள்மேல் பெரிய ஈடுபாடு கிடையாது. என் கண் எப்போதும் பின்னால் நிற்கும் இரண்டு பேர்மேல்தான். இடது பக்கம் ஒருத்தி, வலது பக்கம் ஒருத்தி. இவர்களைத் தாண்டினால் கோல்கீப்பர், அவளையும் தாண்டினால் பலகையில் பந்து மோதும் சத்தம். இந்த இருவரும் தனித்தனியாக எவ்வளவு கெட்டிக்காரிகளாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒருத்தி பந்தைப் பிடுங்க முன்னே பாய்ந்தால், அவள் விட்டுப்போன இடத்தில் மற்றவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்க வேண்டும். கூப்பிட்ட பிறகு வந்தால் தாமதம். அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. இரண்டு பேருக்குள் அது இருக்க வேண்டும், நாம் கண்டுபிடிக்க வேண்டும். கல்யாணத் தரகருக்கு வைகாசி எப்படியோ அப்படி எனக்குப் புரட்டாசி. மார்கழியில் லீக் தொடங்கும். அதற்குள் ஜோடி சேர்த்தாக வேண்டும். அந்த மூன்று மாதமும் எனக்குத் தலைகால் புரியாது.

முந்தின சீசனில் பத்தொன்பது கோல் வாங்கியிருந்தோம். இறுதி ஆட்டத்தில் அரியலூர்ப் பிள்ளைகள் மட்டும் நான்கு போட்டார்கள். அந்த வலி இருந்ததால்தான் போன புரட்டாசியில் வெங்காயத்தோடு அத்தனை நேரம் உட்கார்ந்தேன்.

என்னிடம் இருந்த நான்கு பேரைச் சொல்கிறேன். வலது பக்கம் தேவயானி, அணித் தலைவி, பூலாம்பாடிப் பெண், கல்லூரியில் இரண்டாம் வருஷம். இடது பக்கம் வேணி, கங்கைகொண்ட சோழபுரத்தில் முந்திரிக்காடு வைத்திருக்கும் குடும்பம், இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மாற்றுக்கு லீலாவதி. நான்காவதாக, குன்னத்திலிருந்து வரும், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் புதுப்பெண் முத்தமிழ். அவளும் வலது பக்கம்தான். முதல் நாள் கேட்டதற்குப் பதில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு மட்டையின் கைப்பிடியைக் கடித்தாள்.

முதல் ஜோடி தேவயானியும் வேணியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நானும் அதையே நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பூலாம்பாடி பஸ் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. தேவயானி போன் செய்து, வர நேரமாகும் என்றாள். சரி, அதுவரை ஆள் நிரப்புவோம் என்று வேணிக்கு வலது பக்கம் முத்தமிழை நிறுத்தினேன். எங்கள் முன்கள ஆட்டக்காரிகளையே எதிரணியாக வைத்து ஆடவிட்டேன்.

இருபது நிமிஷம் சார். நான் ஆடிய காலத்திலும் பார்க்கவில்லை, டிவியிலும் பார்க்கவில்லை. வேணி பாய்ந்தாள், பந்து தப்பியது. வழக்கமாக அது கோல். ஆனால் முத்தமிழ் அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஓடி வரவில்லை, முன்பே நின்றுகொண்டிருந்தாள். பந்தை வாங்கித் திருப்பி ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள். வேணி திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த முறை முத்தமிழ் தன் இடத்தையே காலி செய்துவிட்டு நடுக்களம் வரை போனாள். வேணி அவளைப் பார்க்கவே இல்லை, கூப்பிடவும் இல்லை, சும்மா நகர்ந்து வந்து இரண்டு பேர் இடத்தையும் அடைத்துக்கொண்டாள். ஒருத்தி சோழபுரம், ஒருத்தி குன்னம். அறிமுகமாகி ஆறு நாள். அதற்குள் ஒருத்தியின் முதுகில் மற்றவளுக்குக் கண் முளைத்துவிட்டது. கோல்கீப்பர் கொளஞ்சி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "மிஸ், எனக்கு வேலையே இல்ல, உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. அத்தனை கவசங்களோடும் கோல் வாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மைதானமே சிரித்தது.

நல்ல வேளையாக எல்லாம் என் போனில் பதிவாகியிருந்தது. மைதானத்துக்கு வந்ததும் போனை வேலிக் கம்பியில் மாட்டி ஓடவிடுவது என் பழக்கம்.

மூன்று நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பள்ளியில் காலை வழிபாட்டில் சிரிப்பு வந்துவிட்டது, தலைமையாசிரியை முறைத்தார். பஸ் ஸ்டாண்டில் யாரென்றே தெரியாத ஒரு அம்மாவுக்குக் கூடையைத் தூக்கி ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வீட்டில் இரண்டு வெங்காயத்தை ஒட்டிவைத்துவிட்டு, அவற்றை நறுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நல்லதம்பி, "உனக்குக் காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்த வீடியோவை அவரை உட்காரவைத்து நான்கு தரம் காட்டினேன். அவர் டவுன் பஸ் கண்டக்டர், ஹாக்கி தெரியாது. ஆனால் மூன்றாவது தரத்தில், "இந்த ரெண்டும் ஒரே ஆளு மாதிரி ஓடுதுங்களே" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெங்காயத்துக்கு வராத கண்ணீர் அன்று வந்தது.

இனி தேவயானியைப் பற்றி.

தேவயானி நல்ல பிள்ளை. இதை அழுத்தமாகவே எழுத விரும்புகிறேன். ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்தவள். அப்பா அமாவாசை கொஞ்சம் சொந்த நிலத்தில் வெங்காயம் போடுகிறார், மற்ற நாட்களில் கூலிக்குப் போகிறார். தலைவிக்கு வாக்கெடுப்பு வைத்தபோது எல்லாப் பிள்ளைகளும் இவள் பெயரைத்தான் எழுதினார்கள், இவளைத் தவிர. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள். போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டும் என்று தினமும் காலையில் ஏரிக்கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவாள். ஆட்டத்திலும் குறை சொல்ல முடியாது. இருபது பந்தில் பதினைந்தைத் தடுப்பாள். ஒரே ஒரு குணம்தான், கூப்பிட்டால்தான் வருவாள்.

நடுக்களத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரு நாள் ஆடினாள். திணறினாள். முடிந்ததும் தனியாக என்னிடம் வந்து, "மிஸ், நான் எதும் தப்புப் பண்ணிட்டனா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா ஒரு மாறுதலுக்குத்தான் கண்ணு" என்று சொல்லி மறுநாளே பழைய இடத்தில் நிறுத்திவிட்டேன். "இந்த சீசனும் நானும் வேணியும்தானே மிஸ்?" என்றாள். வேறு யார் என்றேன்.

இதுதான் சார் என் சிக்கல். வேறு பயிற்சியாளர்கள் பட்டியலை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். போன வருஷம் வரை தலைவியாக இருந்தவளைக் கூப்பிட்டு, நேற்று வந்த பெண்ணுக்காக நீ வெளியே உட்கார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். எனக்கு அது வராது. சின்ன வயதில் என் அப்பா ஒரு வார்த்தை சொன்னால் ஒரு வாரம் சுருண்டு கிடப்பேன். அதனால் யார் மனமும் என்னால் நோகக்கூடாது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிமுன் நின்று சொல்லிப் பார்த்தேன். 'தேவி, இந்த வருஷம் நீ' என்பதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. யாரும் எதையும் சொல்லாமல், யாருக்கும் யார்மேலும் வருத்தம் இல்லாமல், தானாக நடந்ததுபோல் ஒன்று நடந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் மனம் லேசாகிவிட்டது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

எங்கள் மைதானத்தில் வடக்குக் கோலுக்கு முன்னால், வலது பக்கம், முன்பு வாலிபால் கம்பம் நட்டிருந்த இடம் ஒன்று உண்டு. ஐப்பசி மழையில் அந்த இடம் அமுங்கிக் குழியாகியிருந்தது. அதை நிரப்பச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. நான் சொல்லவில்லை. தேவயானி அதில் கால் வைத்து விழுந்தாள்.

எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். ஒரு திருத்தம் வேண்டும். வீடியோ உங்களிடம் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. தவறாக எழுதுவது எனக்குப் பிடிக்காது.

மழையில் அந்த இடம் அமுங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பே அதை மண் கொட்டிக் கெட்டித்துவிட்டோம். தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், நான்தான் கடப்பாரையால் அதைத் திரும்பத் தோண்டினேன். மழை பெய்த தரை, அதிகம் சிரமம் இல்லை. முழங்கை ஆழம். குறுக்கே நான்கு சுள்ளி வைத்து, வெட்டிய புல்லைப் பரப்பி, மேலே செம்மண்ணைத் தூவி உள்ளங்கையால் தடவிவிட்டேன். நேர்த்தியாக வந்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் எனக்கே தேட வேண்டியிருந்தது. மற்றப் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போய்விடக்கூடாது என்று சுற்றிலும் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து ஒரே ஒரு பாதை விட்டேன். பிள்ளைகளின் பாதுகாப்பில் நான் எப்போதும் கண்டிப்பு.

தடுப்பாட்டத்துக்கு முக்கியமான பயிற்சி பின்னோட்டம். முகம் பந்தைப் பார்த்தபடி இருக்க, முதுகுப் பக்கமாக வேகமாக ஓடுவது. வலது பக்கம் நிற்கிறவள் அந்தப் பாதையில் பத்துத் தரம் ஓட வேண்டும். தேவயானி ஓடினாள். காய்ந்த முருங்கைக் கிளை முறிவதுபோல் ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. உட்கார்ந்தபடியே காலைப் பார்த்துவிட்டு, "மிஸ், முட்டி நகர மாட்டேங்குது" என்றாள்.

என் ஸ்கூட்டரில் நடுவில் அவளை உட்காரவைத்து, பின்னால் கொளஞ்சியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டுபோனேன். அதற்கு முன் ஐந்து நிமிஷம் குழியில் மண் தள்ளி மிதித்தேன், வேறு யாரும் விழுந்துவிடக்கூடாது அல்லவா. பிள்ளைகள் எனக்கு நல்ல மனசு என்றார்கள்.

டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே தசைநார் கிழிந்திருக்கும் போல் இருக்கிறது, ஒரு வாரத்துக்குள் திருச்சிக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள், உடனே பார்த்தால் சரியாகிவிடும் என்று சீட்டு எழுதினார். சீட்டை என்னிடம்தான் கொடுத்தார். சற்று நேரத்தில் அமாவாசை வந்தார். காட்டிலிருந்து நேரே வந்தவர், கையெல்லாம் மண். இங்கிலீஷில் இருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "டீச்சர், என்னாங்க எழுதியிருக்காரு?" என்று கேட்டார்.

"ஓய்வு எடுத்தாப் போதும்னு எழுதியிருக்காருங்க. கட்டுப் போட்டு மூணு மாசம் அசையாம இருக்கட்டும்."

"நீங்க சொன்னாச் சரிங்க டீச்சர். நீங்க இருக்கறப்ப எனக்கு என்ன பயம்."

சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இத்துடன் இணைத்திருக்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள் சார். உடனே பார்த்திருந்தால் மாசிக்குள் அவள் மட்டையோடு வந்து நின்றிருப்பாள். லீக் பாதியில். அப்போது நான் அவளிடம் என்ன சொல்வது? சொல்ல முடியாமல்தானே இவ்வளவும்.

பிறகு சீசன். அதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. பதினொரு ஆட்டம், நான்கு கோல். வாங்கியது நான்கே கோல் சார், அதிலும் ஒன்று கொளஞ்சி கொட்டாவி விட்டபோது போனது. எதிரணிகள் பாதிக் களம் வரை ஓடி வரும், பிறகு எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிடும். நடுவர் ஒருவர் இடைவேளையில் என்னிடம் வந்து, இந்த இரண்டு பிள்ளைகளும் இரட்டையரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேணி ஊருக்குப் போய்த் திரும்பும்போது முந்திரிப்பருப்பு கொண்டுவருவாள், பாதி முத்தமிழுக்கு. முத்தமிழுக்கும் கூச்சம் போய், வேணி செய்வதையெல்லாம் செய்தாள். ஒரே மாதிரி ரிப்பன், ஒரே மாதிரி ஷூ லேஸ். ஒருத்திக்குச் சளி பிடித்தால் மற்றவள் தும்மினாள்.

தேவயானி எல்லா ஆட்டத்துக்கும் வந்தாள். கைத்தடி ஊன்றிக்கொண்டு ஓரத்தில் நின்று, தண்ணீர் பாட்டில்களை நிரப்பி, "வேணி, எடது பக்கம், எடது பக்கம்" என்று தொண்டை வற்றக் கத்துவாள். அவள் மனம் வாடக்கூடாது என்று அணி மேலாளர் என்று ஒரு அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டேன். நான் வாரம் ஒரு முறை பூலாம்பாடி போய் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். அமாவாசை வீட்டில் எனக்கு நாட்டுக்கோழி அடித்தார்கள்.

இறுதி ஆட்டம் அரியலூரில், அவர்கள் மைதானத்திலேயே. கடைசி மூன்று நிமிஷத்தில் அவர்களுக்கு ஐந்து பெனால்டி கார்னர். ஐந்திலும் முதலில் பாய்ந்தவள் ஒருத்தி, பின்னால் அடைத்தவள் ஒருத்தி. ஐந்தாவதை முத்தமிழ் மட்டையின் நுனியில் நிறுத்தி, அதே மூச்சில் வேணியிடம் தள்ளி, வேணி அதை வேலி வரை அடித்தாள். விசில். ஒன்றுக்குப் பூஜ்யம். நான் ஓடினேன் சார், இந்த உடம்பை வைத்துக்கொண்டு முழு மைதானமும் ஓடினேன். ஒரு செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்பி வரும்போது வேனில் நின்றபடியே ஆடினோம், டிரைவர் இரண்டு தரம் நிறுத்திவிட்டு அவரும் ஆடினார். தேவயானி என் தோளில் சாய்ந்து அழுதாள். "நம்ம டீம் ஜெயிச்சிடுச்சி மிஸ்" என்றாள். நானும் அழுதேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாள் கிடையாது. இதை மறைக்க எனக்கு அவசியம் இல்லை.

அதன்பின் பங்குனியில் தேவயானியின் முட்டி வீங்கியது. அமாவாசை என்னிடம் சொல்லாமல் திருச்சிக்குக் கூட்டிப்போனார். காலம் கடந்துவிட்டது, நடக்கலாம், ஓட முடியாது என்றார்களாம். போலீஸ் உடல்தகுதிக்கு வந்த அழைப்பை அவள் மடித்து வைத்துவிட்டாள். நான் போய்ப் பார்த்து, வேறு எத்தனையோ வேலை இருக்கிறது என்று ஆறுதல் சொன்னேன்.

விஷயம் வெளியே வந்தது என் சந்தோஷத்தால்தான். மே மாத விடுமுறையில் வேணி ஊரிலிருந்து போன் செய்து, அந்த முதல் இருபது நிமிஷ வீடியோவை அனுப்ப முடியுமா மிஸ் என்று கேட்டாள். அவளே கேட்டுவிட்டாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தேடி எடுக்கப் பொறுமை இல்லாமல் முழுத் தொகுப்பையும் அனுப்பிவிட்டேன். அதில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. அன்றும் வந்தவுடன் கைப்பழக்கத்தில் போனை வேலியில் மாட்டி ஓடவிட்டிருக்கிறேன். தோண்டியது, சுள்ளி வைத்தது, தடவியது எல்லாம் தூரத்திலிருந்து, சத்தம் இல்லாமல், ஆனால் தெளிவாக.

வேணி அதைப் பார்த்துவிட்டு மூன்று பஸ் மாறிப் பூலாம்பாடிக்குப் போயிருக்கிறாள். தேவயானியிடம் காட்டியிருக்கிறாள். மறுநாள் பகலில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. போனை நீட்டி, "இது நீங்கதானே மிஸ்?" என்றாள்.

"நாந்தான். நல்லாப் பாரும்மா, யாருக்காகன்னு புரியும்."

அவள் போனைப் பைக்குள் போட்டாள். பிறகு, "இனிமே நான் மட்டையத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள். முத்தமிழும் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். கோபத்தில் இருக்கிறார்கள். ஜோடி என்றால் கோபமும் சேர்ந்துதான் வரும். ஆடி முடிவதற்குள் வந்துவிடுவார்கள். உங்கள் விசாரணை எப்படி முடிந்தாலும் அணி நிற்கக்கூடாது என்பதால், வரும் சீசனுக்கான தடுப்பு ஜோடிப் பட்டியலைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நல்லதம்பி இப்போது மேசையில் என்னோடு உட்காருவதில்லை, ஆனாலும் போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் ஜோடியில் மாற்றம் இல்லை.

விழுவதற்கு முன் தேவயானி ஏதாவது சொன்னாளா என்று காலையில் நீங்கள் கேட்டீர்கள். இல்லை என்றேன். அதையும் திருத்திவிடுகிறேன்.

அன்று எல்லோருக்கும் முன்னால் வந்தவள் அவள்தான். நான் கூம்புகளை வைத்து முடித்திருந்தேன். நேரே என்னிடம் வந்தாள்.

"மிஸ், பஸ் டயர் வெடிச்ச அன்னைக்கி நான் ஒரு பைக்கில ஏறி வந்துட்டேன். உள்ள வராம வேலிக்கு வெளியவே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். என்னால அப்படி ஆட முடியாது மிஸ். வேணிகூட முத்தமிழே ஆடட்டும். நான் லீலாகூட மாத்து ஜோடியா நிக்கறேன். நீங்க எங்கிட்ட சொல்ல சங்கடப்படுவீங்கன்னுதான் நானே சொல்றேன். எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சொல்ல வராமல் இருந்தது அத்தனையும் அவளே சொல்லிவிட்டாள். குழியை மூட ஐந்து நிமிஷம் போதும், மண் பக்கத்திலேயே இருந்தது. நான் யோசித்தேன் சார். யோசிக்காமல் எதையும் செய்கிறவள் அல்ல நான். இன்று பெருந்தன்மையாகச் சொல்கிறாள். தை மாதம் ஒரு நாள் முத்தமிழ் ஒரு பந்தை விட்டுவிடுவாள், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தேவயானி தன்னையறியாமல் எழுந்து நிற்பாள், உள்ளே ஆடும் இருவரில் ஒருத்தி அதைத் திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவுதான், ஜோடி கெட்டுவிடும். மாற்று ஆள் எழுந்து நிற்க முடியாதவளாக இருந்தால் அந்தப் பார்வைக்கே இடமில்லை.

அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தேன். "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம் கண்ணு. மொதல்ல பின்னோட்டம் பத்துத் தரம் ஓடிட்டு வா" என்றேன். சரிங்க மிஸ் என்று மட்டையை எடுத்துக்கொண்டு போனாள். நான்காவது தரத்தில் விழுந்தாள்.

எழுத வேண்டியது இவ்வளவுதான். எனக்கு ஒரே ஒரு திருப்தி உண்டு சார். ஆறாம் வகுப்பிலிருந்து இன்றுவரை, அந்தப் பிள்ளையின் மனம் நோகும்படி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.